கிடங்கு மணி

"இன்னைக்கு சாயங்காலம் என் பேட்ஜைப் பிடுங்கப் போறாங்க சார். அது போச்சுன்னா இந்த ஊர்ல எந்தத் தெருவிலயும் நான் வாயைத் திறக்க முடியாது."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், பழைய நகரத்தின் சந்துபொந்துகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. அவள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. துப்பறிவாளருக்கோ அந்தத் தொழிலைக் கண்டாலே ஆகாது. இடிந்த சுவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இளவரசியைக் கட்டிவைத்துக் கதை விடும் கூட்டம் ஒன்று. அதை வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, சுவரோடு படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம் இன்னொன்று. இருந்தாலும் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

முட்டுச்சந்தின் கடைசியில் ஒரு பழைய வீடு. அதன் கூடத்தில் தொங்கிய வெண்கல மணியை நேற்று மதியத்திலிருந்து காணவில்லை. முன்கதவைப் பகலில் யாரும் பூட்டுவதில்லை. அவள் தன் குழுவை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னல்களைச் சாத்த உள்ளே தங்கியிருக்கிறாள். அதற்குள் கொத்தனார் சந்தில் சிமெண்ட் பூசத் தொடங்கிவிட்டதால், பின்கதவு வழியாக அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அந்தக் கதவை உள்ளிருந்து மட்டும்தான் திறக்க முடியும். கொத்தனார் வேலையை முடித்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது ஈரச் சிமெண்டில் காலடித் தடங்கள். எல்லாம் வாசலிலிருந்து தெருவைப் பார்த்தவை. உள்ளே போகும் தடம் ஒன்றுகூட இல்லை.

"அதனால உள்ளேயே ஒளிஞ்சிருந்த ஆள்தான் மணியோட வெளியே போயிருக்கணும்ங்கிறாரு வீட்டுக்காரர். உள்ளே இருந்தது நான் ஒருத்திதான்."

"அவ்வளவு விலை உயர்ந்த மணியா?" என்று ஆர்வத்தோடு கேட்டான் துப்பறிவாளரின் மைத்துனன்.

"அட நீங்க வேற. ஒரு கிடங்குல வேலையாட்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அடிச்ச மணி சார். நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன். அதான் என் பின்னாடி கூட்டமே வர்றதில்ல."

துப்பறிவாளர் முதல்முறையாக அவளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

சந்து முனையில் வீட்டுக்காரர் காத்திருந்தார். பக்கத்தில் வழிகாட்டிகள் சங்கத்தின் தலைவர். அவளுடைய பேட்ஜைப் பிடுங்கப் போகிறவர் அவர்தான். ஜரிகைத் தலைப்பாகை, தகரக் கத்தி, தரையைக் கூட்டும் அங்கி என்று வேஷம் கட்டித்தான் அவர் ஊரைச் சுற்றிக்காட்டுவார். எல்லோரும் அவரை 'மன்னர்' என்றே கூப்பிட்டார்கள். அங்கிக்குக் கீழே குளியலறை ரப்பர் செருப்பு எட்டிப் பார்த்தது.

"வாங்க, வாங்க!" என்று மன்னர் அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே சந்துக்குள் பின்னோக்கி நடந்தார். "தங்கம் கலந்து வார்த்த அரண்மனை மணிங்க அது! நான் வருஷக்கணக்காச் சொல்லிட்டு வர்றேன்." ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சாக்கடை மூடியை லாவகமாக விலகி வாசலை அடைந்தார். முன்னால் பார்த்து நடந்த மைத்துனன் அதே மூடியில் கால் தடுக்கித் தடுமாறினான்.

சிமெண்ட் காய்ந்திருந்தது. தடங்களின் ஓரங்கள் கலைந்து, யாருடைய கால் என்று சொல்ல முடியாதபடி இருந்தன.

"விரல் பக்கம் நல்லா அழுந்தியிருக்கு, குதிகால் லேசாத்தான் பட்டிருக்கு மாமா. திருடன் நுனிக்கால்ல நடந்திருக்கான்!" என்றான் மைத்துனன். பிறகு கூடத்தில் மண்டியிட்டுத் தேடி, முகம் சுளித்து எழுந்தான். "வீடா இது? பின்கதவு வரைக்கும் ஒரே சிமெண்ட் தூள்."

துப்பறிவாளர் திரும்பினார். "மன்னரே, உங்க வேஷத்துக்குன்னு ஒரு செருப்பு இருக்குமே?"

"அது... அறுந்துபோச்சு."

"மாப்ளே, சங்கத்து அறையில இவர் பெட்டியைப் பாரு. வீட்டுக்காரர் ஐயாவும் கூடப் போகட்டும்."

மன்னரின் முகம் வெளுத்தது. துப்பறிவாளர் அவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் பேசினார்.

"வெளியே போனவன் கால்ல இருந்து வீட்டுக்குள்ள சிமெண்ட் எப்படிம்மா விழும்? அவன் உள்ளே வந்திருக்கான், பின்கதவு வழியாப் போயிருக்கான். பின்னோக்கி நடந்தா விரல்தான் முதல்ல ஊனும். நுனிக்கால் திருடன் எல்லாம் என் மச்சானோட கற்பனை. ஈரச் சிமெண்டை யார் மிதிப்பான்? கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே பின்னோக்கிப் போற வழிகாட்டி, பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்காதவன். நீங்களும் அப்படித்தான் நடப்பீங்க. ஆனா நீங்க சிமெண்ட் பூசுறதைப் பார்த்துட்டுத்தான் போனீங்க. உள்ளே இருந்த உங்களுக்கு அதை மிதிச்சு உள்ளே வரவும் அவசியமில்ல. இவர் தன் கூட்டத்தைச் சந்து முனையில நிறுத்தி, மன்னர் மறையுறார்னு வித்தை காட்டிக்கிட்டே உள்ளே போயிருக்கார். மணி அங்கிக்குள்ள போயிடுச்சு."

"அத்தனை பேர் பார்க்கவா சார்?"

"பார்த்தவங்க கைதட்டியிருப்பாங்க."

மைத்துனன் மூச்சிரைக்க ஓடிவந்தான், பின்னாலேயே வீட்டுக்காரரும். மைத்துனனின் ஒரு கையில் சிமெண்ட் அப்பிய ஜரிகைச் செருப்பு. இன்னொரு கையில் மணி. அதன் விளிம்பெல்லாம் அரத்தால் சுரண்டிய தழும்பு. தங்கம் இருக்கிறதா என்று மன்னர் தேடியிருக்கிறார்.

"உங்க கதையை இந்த ஊர்ல யார் நம்பினாலும் மன்னிச்சிடலாம்" என்றார் துப்பறிவாளர். "நீங்களே நம்பினீங்க பாருங்க, அதுதான்யா கேவலம்."

மன்னர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

வீட்டுக்காரர் அவரைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில் அந்தப் பெண்ணிடம், "மன்னிச்சிடும்மா, பேட்ஜை எவன் கேக்குறான்னு நானும் பார்க்கிறேன்" என்றார். தலைப்பாகை அவிழ்ந்து தரையில் புரண்டது. சந்து முனையில் மன்னருக்காகக் காத்திருந்த சுற்றுலாக் கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டிப் படம் பிடித்தது.

"பிரமாதம்! அடுத்த காட்சி எப்போ?" என்றார் ஒருவர்.

அந்தப் பெண் பேட்ஜைச் சட்டையில் நேராகக் குத்திக்கொண்டாள். "காட்சி எல்லாம் இல்லைங்க. கிடங்குல சாப்பாட்டுக்கு அடிச்ச மணி ஒண்ணு இருக்கு. பார்க்கிறீங்களா?"

பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு, மிச்சமிருந்தவர்களைப் பார்த்துப் பேசியபடியே அவள் சந்துக்குள் நடந்தாள், பின்னோக்கி.

"ஐயோ, பின்னாடி பார்த்துப் போங்க!" என்று கத்தினான் மைத்துனன்.