கரையில் அழுதவள்

எங்கள் பத்திரிகை அலுவலகம் ஒரு பழைய கல்வீடு. மழைக்குக் கூரை ஒழுகும். கூரை ஒழுகாத நாளில் ஆசிரியர் பரமலிங்கத்தின் மூக்கு ஒழுகும். நான் அங்கே எழுத்துப்பிழை பார்ப்பவன். பேய் என்று யாராவது எழுதி அனுப்பினால் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு விட்டுவிடுவேன். பயப்படுவது என் வேலை இல்லை.

அன்று பின்னேரம் நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது ஆசிரியர் கணினித் திரையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். வடமராட்சியிலிருந்து வந்த படம். கடலுக்கு மீன்பிடிக்கப் போன ஏரம்புவின் வள்ளம் புயலில் திரும்பவில்லை. கரையில் ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள். ஏரம்புவின் மனைவி மீனாம்பிகை, முடிந்த கொண்டையோடு கடலைப் பார்த்தபடி.

"சோகம் காணாது," என்றார் ஆசிரியர். "ஒருத்தற்றை கண்ணிலையும் ஒரு சொட்டுத் தண்ணியில்லை. கோபி, ஒரு பொம்பிளையை அழ விடு."

பக்கம் வடிவமைக்கும் கோபிசங்கர் தயங்கினான். "சேர், இது செய்தியெல்லோ?"

"செய்திதான். கறிக்கு உப்புப் போடுறேல்லையோ?"

கோபி கணினியில் படம் வரைந்து தரும் செயற்கை அறிவிடம் கேட்டான். அது கொடுத்தது. தலைவிரி கோலமாய், மணலில் குந்தி, வாய் திறந்து அழும் ஒருத்தி. எந்த ஊரிலும் பிறக்காதவள்.

மறுநாள் பத்திரிகை வெளியானது. மத்தியானமே மீனாம்பிகை பஸ் ஏறி வந்துவிட்டாள். பத்திரிகையை மேசையில் விரித்து, அந்த உருவத்தின் மேல் விரலை வைத்தாள்.

"உவ ஆர்?"

கோபி ஆசிரியரைப் பார்த்தான்.

"எங்கடை கரையிலை, போன ஆள் வந்து சேருமட்டும் பொம்பிளையள் அழமாட்டம். கொண்டை அவிழ்க்கமாட்டம். அழுதால் அந்த ஆளைக் கடலுக்குக் குடுத்திட்டம் எண்டு அர்த்தம். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன். உவ ஆரைக் கேட்டு என்ரை மனுசனுக்கு அழுறா?"

"தங்கச்சி, அது சும்மா கொம்பியூட்டர்..." என்றார் ஆசிரியர்.

"சும்மா எண்டால் எடுங்கோ. எடுத்தால் அவர் வருவார்."

கோபி இணையப் பக்கத்துப் படத்தில் அவளை அழித்தான். வெறும் மணல் மிஞ்சியது. சேமித்தான். திறந்தான்.

இருந்தாள்.

மறுபடி அழித்தான். மறுபடியும் இருந்தாள். இம்முறை கடலுக்கு இன்னும் கிட்ட.

படத்தையே நீக்கினான். திரை வெறுமையானது. அந்த வெறுமைக்குள்ளிருந்து விம்மல் கேட்டது. அந்தக் கணினியின் ஒலிபெருக்கி எப்போதோ பழுதாகிவிட்டது.

அறையெங்கும் ஈரமணல் வாடை.

"அண்ணை, நான் ஒண்டும் தொடேல்லை," என்று கோபி என் காதில் கிசுகிசுத்தான்.

மீனாம்பிகையின் கைபேசி அடித்தது. அவள் தம்பி பார்த்தீபன். குரல் எங்களுக்கும் கேட்டது.

"அக்கா, கரையிலை ஆரோ ஒரு பொம்பிளை குந்தியிருந்து அழுறா. தூக்கப் போனால் கைக்குள்ளை மணல்தான் வருது."

"வாயைப் பொத்தடா! அவவின்ரை வாயைப் பொத்து!"

"பொத்திப் பாத்தம் அக்கா. சத்தம் நிக்குதில்லை."

கைபேசியில் அலையும் அழுகையும் மட்டும் கேட்டன.

"அக்கா... வள்ளம் வருது."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"அவர்?"

"வள்ளம் மட்டும்தான் அக்கா."

உடல் இல்லாத செத்தவீட்டுக்கு நானும் போனேன். மீனாம்பிகை கொண்டையை அவிழ்த்தாள். அழ வாய் திறந்தாள். கண்ணில் நீர் இல்லை. தொண்டையில் சத்தம் இல்லை. நெஞ்சில் அடித்து அடித்துப் பார்த்தாள்.

அழுகை வீட்டுக்குப் பின்னால், வளவிலிருந்து கேட்டது.

அங்கே யாரும் இல்லை.

"என்ரை அழுகையையும் உவ கொண்டுபோட்டா, அண்ணை," என்றாள் மெல்ல.

கோபி வேலையை விட்டுவிட்டான். ஆசிரியர் இப்போது எந்தப் படத்திலும் ஒரு புள்ளியைக்கூடத் தொட விடுவதில்லை. தொட்டும் பயனில்லை.

நாளைய பத்திரிகைக்கு ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்புப் படம் வந்திருக்கிறது. சிரிக்கும் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், கடைசிக் கதிரையில் உட்கார்ந்தபடி, தலைவிரி கோலமாய் ஒருத்தி.

இன்னும் வாய் திறக்கவில்லை.