அவிநாசியில் அவிழ்ந்த நூல்

"நில்லுங்க... நில்லுங்கன்னா நில்லுங்க!"

அவிநாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தவனுக்கு அது கேட்கவில்லை. அவன் தோள்பையின் ஜிப்பில் மாட்டிய நீலக் கம்பளி நூல், பஸ்ஸுக்குள் இசக்கிப்பிரியாவின் மடியிலிருந்த ஹெட்பேண்டை வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டே போனது. குரோஷா பின்னலில் அதுதான் கொடுமை. ஊசியிலிருந்து கண்ணி நழுவினால் போதும்... ஒரே இழுப்பில் போட்டதெல்லாம் போச்சு.

நூலைப் பிடித்துக்கொண்டே மழையில் குதித்தாள். அப்போதுதான் அவன் திரும்பினான். அடடா, என்ன கண்கள்... திட்ட வந்தவளுக்கு முதல் வார்த்தை மறந்துவிட்டது. இரண்டாவது வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள்.

"...கண்ண எங்க வச்சிட்டு நடக்கிய? பாதித் தலைப்பட்டி போச்சு!"

"தப்புத்தானுங்க. நல்லாத் திட்டுங்க... ஆனா நனையாமத் திட்டுங்க. இந்தக் கடைக்குள்ள வாங்க."

இப்படிப் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அங்கே சண்டை என்றால் இரண்டு பக்கமும் சத்தம் வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை முட்டியது. ஊட்டிக் கடைக்காரர் ஒருவர் குளிர்காலத்துக்குக் காதை மூடும் ஹெட்பேண்ட் கேட்டிருந்தார், கையால் போட்டது, ஆண்கள் அளவில். சாம்பிள் இந்த ஊர்க் கூரியரில் இன்றே போனால் சீசன் முழுக்க ஆர்டர். போகாவிட்டால்? "பழையபடி பனியன் கம்பெனிக்குப் போயிரணும்" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். மாட்டேன் என்று இவளும் சொல்லியிருந்தாள். கடைசி வரிசையைப் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தது இவள் தப்புதான். அதை அவனிடம் சொல்வாளா என்ன?

"நம்ம பேரு வேல்குமாருங்க. நெருப்பெரிச்சல்ங்கற ஊருல பனியனுக்குக் காலர் பின்ற யூனிட் வச்சிருக்கேன். இதே நூலுல மெஷின்ல பட்டி ஓட்டித் தந்துடறேனுங்க."

அவள் நிமிர்ந்தாள். கண்ணீர் எங்கே போனதோ!

"மெஷின்ல ஓட்டிட்டு, கையில போட்டதுன்னு பொய் சொல்லச் சொல்லுதியளா? நானே போடுதேன். நூல சிக்கெடுத்துக் குடுங்க, போதும்."

அவன் சிக்கெடுத்தான். அவள் விரல்கள் பறந்தன. சிணுங்கிக்கொண்டிருந்த மழையையும், ஆறிப்போன டீயையும் அவள் கவனிக்கவில்லை. முடியும்... முடித்தே தீருவேன்...

"தலையக் குனிங்க."

"ஏனுங்க?"

"ஆம்பள அளவு பாக்கணும். எங்க வீட்டுல நானும் அம்மாவுந்தான்."

குனிந்தான். பட்டியைச் சுற்றிப் பிடித்தாள். நனைந்த அவன் காதில் விரல் பட்டது... சட்டென்று இழுத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு விரல்கடை போட வேண்டும்.

"கூரியர் ஆபீஸ் பூட்டற நேரமாச்சுங்க. நீங்க போடுங்க... ஷட்டரை நான் பாத்துக்கறேன்" என்று மழையில் ஓடினான்.

முடித்துக்கொண்டு அவள் ஓடியபோது, கூரியர்க்காரர் பாதி இறங்கிய ஷட்டரில் கை வைத்தபடி பரிதாபமாக நின்றார். "வாம்மா கண்ணு! இவரு 'கொஞ்சம் இருங்கண்ணா, தயவு பண்ணுங்கண்ணா'ன்னு இத்தன மரியாதையாக் கேக்கறாரு. நான் எப்படிங்க இழுத்துப் பூட்டறது?"

இசக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பார்சல் போயிற்று. திரும்பும் பஸ்ஸும் வந்தது.

"ஆர்டர் வந்தாச் சொல்லுவீங்களா? நம்பர்..."

"மெஷின்காரருக்கு எதுக்கு?"

ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்ததும் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். என்ன வீம்பு இது!

ஆர்டர் வந்தது. ஒவ்வொரு பட்டியையும் அவள் போட்டது அந்தத் தலையின் அளவில்தான். போடப் போட நெஞ்சு கனத்தது. ஊட்டிக்காரரிடமே ஆர்டர் வாங்கியவளுக்கு, நெருப்பெரிச்சலில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?

விசாரித்து விசாரித்துப் போய் நின்றாள். மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. சுவரில் தொங்கிய பையின் ஜிப்பில் இன்னும் அந்த நீல நூல்... பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இத எடுக்கலியா?"

"எடுக்க மனசு வரலீங்க" என்றான் வேல்குமார்.

தன் பையிலிருந்து ஒரு நீலப் பட்டியை எடுத்து நீட்டினாள். பட்டப்பகல் புழுக்கத்தில், வேலையாட்கள் வாய்பொத்திச் சிரிக்க, அவன் அதைத் தலையில் மாட்டிக் காதையும் மூடிக்கொண்டான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வழிந்தது.

இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

"காது மூடியிருக்குதுங்க... கேக்கலீங்க."

அவன் கையைக் காட்ட, மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் எட்டி, ஒரு பக்கத்துப் பட்டியை மேலே தூக்கினாள்.

"உங்களப் பிடிச்சிருக்குன்னேன்! கட்டிக்கிடுவியளா, மாட்டியளா?"

யூனிட் முழுக்கக் கேட்டது.

"மொதத் தடவையே கேட்டுச்சுங்க" என்றான் அவன், கண்கள் கலங்கச் சிரித்தபடி. "கட்டுனா உங்களத்தான்னு அன்னிக்கே எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன்... உங்க வாயால இன்னொருக்காக் கேக்கணும்னு ஆசைங்க."