மண் மூடும் முன்

வெயில் ஏறுவதற்குள் குழாய்க்காரர் வந்து, வாசலிலிருந்து சமையலறைச் சுவர் வரை போகும் பழைய பள்ளத்தைத் திறந்துவிட்டார். அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியும் தெருவுக்கு அவள் 'புதுசு'தான். போய்ச்சேர்ந்த முதல் மனைவி 'பெரியவள்'. செத்தவளுக்குப் பதவி உயர்வு, இருப்பவளுக்குப் பட்டப்பெயர் என்று புதுசு தனக்குள் கறுவிக்கொள்வாள்.

அந்தப் பள்ளம்கூடப் பெரியவள் விட்டுப்போனதுதான். அவளும் கணவரும் தாங்களே குழாய் பதித்து, குடிநீர் அலுவலக அதிகாரி வந்து பார்ப்பதற்குள் ஆசை பொறுக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மூடிய குழாய்க்குத் தண்ணீர் விட முடியாது, தோண்டிக் காட்டுங்கள் என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். தோண்டுவதற்குள் பெரியவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தெருக்குழாயில்தான் குடம் தூக்க வேண்டியிருந்தது.

புதுசு குனிந்து பார்த்தாள். குழாயின் ஒவ்வொரு மூட்டிலும், ஒட்டுவதற்குப் பூசிய சொல்யூஷன் பிதுங்கிக் காய்ந்த இடத்தில், சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

"அவ எப்பவும் அப்படித்தான்," என்றார் கணவர். "ஒட்டினதும் கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்துவா. 'இது என்னுது, இனிமே விடாது'ம்பா."

பள்ளத்தோரம் குந்தி, அந்த ரேகையின் மேல் தன் விரலை வைத்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு புதுசுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் அதிகாரியை அழைத்துவரக் கிளம்பியதும் குழாய்க்காரரிடம் சொன்னாள்: "மொத்தத்தையும் அறுத்து எடுத்துட்டு வேற போடுங்க."

"குழாய் கல்லு மாதிரி இருக்கேம்மா?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆகல."

மதியத்துக்குள் புதுக் குழாய் மணல் படுக்கையில் நீண்டு கிடந்தது. குழாய்க்காரர் அதில் தண்ணீர் ஏற்றி, கசிந்தால் முள் இறங்கிக் காட்டும் அழுத்தமானியை நுனியில் மாட்டினார். "மூட்டெல்லாம் திறந்தே கிடக்கட்டும். ஆபீசர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் மண்ணு. ஒரு பிடிகூடப் போட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

காற்று நின்றது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. காய்ந்துபோயிருக்க வேண்டிய சொல்யூஷன் வாடை, இப்போதுதான் டப்பாவைத் திறந்தது போலக் குப்பென்று எழுந்தது.

புதுசு பள்ளத்துக்குள் இறங்கினாள்.

முதல் மூட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே வெட்டு.

அடுத்ததிலும்.

அதற்கடுத்ததிலும்.

முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். ரேகை அதைவிடச் சின்னது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலடியில் இருந்த கடைசி மூட்டில் சொல்யூஷன் இளகி, மெல்லக் குழிந்தது.

அழுத்தும் விரலைக் காணோம்.

அலற வாயெடுத்தவளுக்குக் கணவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இதைப் பார்த்தால் மறுபடி குந்துவார், மறுபடி விரலை வைப்பார். பயத்தைவிட அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. மேலே ஏறி மண்வெட்டியை எடுத்தாள். மூச்சிரைக்க மண்ணைத் தள்ளினாள், கடைசியில் வெறும் கையால் வாரிப் போட்டாள்.

"செத்தும் விடமாட்டியாடி?" என்று கிசுகிசுத்தாள். "அவரு என் புருஷன்."

அழுத்தமானியின் முள் ஒருமுறை துடித்து நின்றது.

அதிகாரி வந்ததும் தலையில் கைவைத்தார். "மூடிட்டீங்களா? இதே இடத்துல அன்னைக்கு ஒரு அம்மா, கையெல்லாம் மண்ணா இப்படித்தான் நின்னாங்க. தோண்டுங்க."

கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியே அவளாட்டம் நிக்கிற," என்றார் கனிவாக. அதற்கு அவர் தன்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று இருந்தது புதுசுக்கு.

குழாய்க்காரர் தோண்டத் தோண்ட, புதுக் குழாயைக் கண்ட கணவர் பழைய ரேகையைத் தேடுகிறவர் போலத் தானே உள்ளே இறங்கி ஒவ்வொரு மூட்டையும் கையால் துடைத்தார். புதுசு எட்டிப் பார்த்தாள்.

ஒரு ரேகையும் இல்லை. மூட்டுகள் வழவழவென்று இருந்தன. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கசிவு இல்ல. இப்ப மூடுங்க," என்றார் அதிகாரி.

சாயங்காலம் சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்தது. தன் வீட்டில், தான் போட்ட குழாயில் வந்த தண்ணீர். முதல் டம்ளரைக் கணவருக்குக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடிக்கும்போது, ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு, பின்னால் நின்று அவர் கழுத்து மண்ணைத் துண்டால் துடைத்தாள்.

குப்பென்று சொல்யூஷன் வாடை.

பிடரியில், முடிக்குக் கீழே, சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே வெட்டு.

"என்ன?" என்றார் அவர்.

"மண்ணுங்க."

அழுத்தித் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். அது கல்லாகக் காய்ந்திருந்தது.

அவர் சிரித்தார். காலையில் பள்ளத்தோரம் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே, அவள் நிற்காத பக்கமாகத் திரும்பினார்.