கோட்டையின் கீழறை

சாயங்காலம் கடைசி அறைக்குக் குரல் கொடுத்தபோது, கீழே நிலவறையிலிருந்து இரண்டு முறை கைதட்டும் சத்தம் கேட்டது. தட். கொஞ்சம் பொறுத்து, தட்.

சாவிக்காரி பூட்டப் போன கையை நிறுத்தினாள். ராஜா வாழ்ந்த கோட்டை இன்று அந்தப் பேட்டைக்கு நகராட்சி அலுவலகம். பீரங்கி நின்ற இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. சுவர்கள் அவ்வளவு தடிமன், உள்ளே மாட்டிக்கொண்டவர் கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. அதனால் ஒவ்வொரு அறையிலும் "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பதில் வந்தால் பூட்டக்கூடாது.

அவள் மகள் பள்ளிவிட்டு நேரே இங்கேதான் வருவாள். பிறவியிலேயே பேச்சு வராத பிள்ளை. எங்கேயாவது ஒளிந்துகொண்டு, அம்மா குரல் கேட்டதும் சடசடவென்று இரண்டு தட்டு தட்டுவாள். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று இவள் அழாத நாளில்லை.

"அக்கா, பூட்டியாச்சா?" வாசலில் காவலாளி.

"இல்ல தம்பி. கீழ ஆள் இருக்கு."

"அங்க உடைஞ்ச நாற்காலிதானே கெடக்கு? மனசப் போட்டு வருத்திக்காதீங்க. வாங்க போலாம்."

"நீ முன்னால போ. நான் வரேன்."

ஈரக்கல்லும் பழைய சுண்ணாம்பும் மணக்கும் வளைந்த படிகளில், கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சுச் சத்தத்தையே அடக்கிக்கொண்டு இறங்கினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கன்னங்கரிய இருட்டு.

"யாராச்சும் இருக்கீங்களா?"

தட். தட்.

"கண்ணு?"

"அம்மா."

தெளிவான குரல். தன் பிள்ளை இல்லை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஓடு என்றன கால்கள். மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"அம்மா."

ஆள் இருக்கும் அறையை அவள் பூட்டியதே இல்லை. இன்று பூட்டினாள். உள்ளேயிருந்து.

சின்ன விரல்கள் வலது கையைப் பற்றின. இடது கையையும். ஜில்லென்று. இறுக்கமாக.

அப்போது கதவுக்கு வெளியே, படியில், கைதட்டல் கேட்டது. சடசடவென்று இரண்டு. மறுபடி இரண்டு. மறுபடியும். நிற்கவே இல்லை.