மாப்பிள்ளையின் மல்லிகைச் செண்டு

நவம்பரின் முதல் மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹாஜர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு துஹாமியின் வீட்டுக்கு வந்தாள். துஹாமி முற்றத்தில் உட்கார்ந்து பச்சை ஆலிவ் காய்களைக் கல்லால் தட்டி விரியவைத்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்துக்காகக் கள்ள முத்திரைகளையும் கள்ளக் கையெழுத்துகளையும் கண்டுபிடித்துச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கடலோர ஊரான கெலிபியாவில் எதற்காவது விடை தெரியாவிட்டால் 'ஸி துஹாமி' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். எதிரே லஸ்ஸாத் உட்கார்ந்து, தட்டிய காய்களை வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். கெலிபியாவுக்கும் நாபலுக்கும் இடையே வாடகை வண்டி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்குப் பதிலாக வாய் ஓடும்.

"ஸி துஹாமி, என் பூவை யாரோ மாத்திட்டாங்க," என்றாள் ஹாஜர்.

"உக்காரு மகளே. ஓடி வந்த மாதிரி இருக்கே. முதல்ல மூச்சு வாங்கிக்கோ."

அவள் துண்டைப் பிரித்தாள். ஒரு முழ அகல மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே வெண்பட்டின் மேல் அவளுடைய கல்யாணச் செண்டு: காய்ந்தும் வெண்மை போகாத ரோஜாக்கள், இரண்டு கிளை ஜெரேனியம் இலை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மஷ்மூம். மல்லிகை மொட்டுகளைக் காய்ந்த புல் காம்புகளில் செருகிச் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை காதோரம் வைத்துக்கொள்வது.

"ரோஜா என்னோடதுதான். இந்த மஷ்மூம் நிதாலோடது இல்ல."

நிதாலை ஊரே அறியும். போன வருடம் செப்டம்பரில் கல்யாணம். பத்தாவது நாள் இத்தாலிக் கரைக்குப் போகும் படகில் ஏறினான். படகு கவிழ்ந்தது என்றார்கள். சில உடல்கள் கரை ஒதுங்கின, முகம் தெரியாமல். அவற்றுக்கு எண் போட்டு நாபல் பக்கம் புதைத்தார்கள். ஹாஜர் பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல் மாமியாரோடு இருந்து, பகலில் மீன் டப்பா தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பதினாலு மாதமாகக் காத்திருந்தாள்.

"எப்படி அவரோடது இல்லேங்கறே?" என்றார் துஹாமி.

"கல்யாணத்தன்னிக்கு ராத்திரி நான் அதை அவர் காதுலேர்ந்து இழுத்தப்ப நூல்ல மாட்டி மூணு முடி வேரோட வந்துடுச்சு. 'இப்பவே வழுக்கையாக்கப் பாக்கறியா'ன்னார். நான் பூ பதப்படுத்தறவங்ககிட்ட, முடியை எடுக்காம அப்படியே வெச்சுடுங்கன்னேன். பெட்டி வந்தப்ப முடி இருந்துச்சு, நான் பாத்தேன். அவர் போனப்பறம் பாக்க முடியல. அலமாரி மேல போர்த்தி வெச்சுட்டேன்."

"இப்ப எதுக்கு எடுத்தே?"

ஹாஜர் தரையைப் பார்த்தாள். "புதன்கிழமை, கரை ஒதுங்கினவங்களை அடையாளம் பாக்கற ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ரத்த சொந்தம் யாராவது வந்து சோதனைக்குக் குடுத்தாதான் ஒத்துப் பாக்க முடியும், பதிலும் அவங்களுக்குத்தான் சொல்லுவோம்னாங்க. மாமியைத் தவிர அவருக்கு யாரும் இல்ல. மாமி முடியாதுங்கறாங்க. அவரோட முடி வேரோட இருந்தா அதை வெச்சும் முயற்சி பண்ணலாம்னாங்க. அன்னிக்கே மாமிகிட்டச் சொன்னேன். நேத்துப் பெட்டியை இறக்கினா முடி இல்ல."

லஸ்ஸாத் வாளியைத் தள்ளி வைத்தான். "இதுல என்ன இருக்கு ஸி துஹாமி. பூ பதப்படுத்தறவ வேலை. பழைய பூ பூஞ்சை பிடிச்சிருக்கும், புதுசை வெச்சுட்டா."

"பெட்டி வீட்டுக்கு வந்தப்ப முடி இருந்துச்சுன்னு இவ சொல்றாளே."

"அப்ப வேற யாரோ," என்று லஸ்ஸாத் கூச்சமில்லாமல் கட்சி மாறினான்.

துஹாமி கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். பின்பலகையின் விளிம்பில் ஒரு காகித முத்திரை ஒட்டியிருந்தது; அதில் பூ வரைந்த ஊதா அச்சு, 'சுந்துஸ், நாபல்' என்ற பெயர். கிழிசல் இல்லை, சுருக்கம் இல்லை. முத்திரைக்கு இடப்பக்கம் விரல் அகலத்துக்கு மரம் வெளிறியிருந்தது. அதைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினார். பிறகு கண்ணாடி வழியே மஷ்மூமை வெகு நேரம் பார்த்தார்.

"கல்யாணப் படம் இருக்கா?"

ஹாஜர் கைப்பேசியில் காட்டினாள். நிதால் சிரித்துக்கொண்டிருந்தான். காதோரம் மல்லிகை முழுதும் மலர்ந்து, இதழ்கள் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தன.

ஹாஜரின் மாமியார் மன்னூபியாவின் வீடு துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்தது. வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைத் தாண்டும்போது துஹாமி ஒரு கணம் குனிந்து தன் செருப்பின் வாரைச் சரிசெய்தார். உள்ளே மன்னூபியா அடுப்பில் கேழ்வரகு நிறத்தில் கொதித்த பார்லிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு.

"போலீஸ் வேலை பாக்க வந்தீங்களா, ஸி துஹாமி? கஞ்சி குடிச்சுட்டுப் பாருங்க."

"குடிக்கறேன். பெட்டியை நீங்க தொட்டீங்களா?"

"அது அவ பெட்டி. எனக்கு என்னத்துக்கு?"

"வெள்ளிக்கிழமை வீட்ல இருந்தீங்களா?"

"வெள்ளிக்கிழமை நான் எப்பவும் குன்று மேல என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் போவேன். ஊருக்கே தெரியும்."

ஹாஜர் வாசலில் நின்றபடியே மெல்லக் கெஞ்சினாள். "மாமி, ஒரு சொட்டு ரத்தம்தானே. குடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சுடும்."

"என் வாயில ஒருத்தரும் குச்சியை விட வேண்டாம்," என்றாள் மன்னூபியா, திரும்பாமல். "என் பிள்ளை உயிரோட இருக்கான். உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குச் சோதனை?"

துஹாமி கஞ்சியை முழுதும் குடித்தார். வெளியே வந்ததும் லஸ்ஸாத், "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டதற்கு, "கஞ்சி நல்லாயிருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் துஹாமியும் லஸ்ஸாத்தும் நாபல் போனார்கள். சுந்துஸ் வீட்டின் பின்னறையில் வேலை செய்கிறவள். முப்பத்தைந்து வயது, விரல்களெல்லாம் உலர்த்தும் பொடியின் வெள்ளை. ஒரு பெரிய டப்பாவில் யாருடைய கல்யாண ரோஜாவோ கழுத்துவரை பொடியில் புதைந்து கிடந்தது.

"நான் மூடிக் குடுத்த பெட்டி. அப்பறம் என் கைக்கு வரல," என்றாள், பொடியைச் சலித்துக்கொண்டே.

"மஷ்மூம் எல்லாம் பதப்படுத்தறது கஷ்டமோ?"

"மொட்டுன்னா சுலபம். மதியம் கட்டின உடனே பொடியில போட்டுடணும். மலர்ந்துட்டா இதழ் பழுப்பாகி உதிரும், ரொம்பப் பொறுமை வேணும்." அவள் இழுப்பறையைத் திறந்து மாதிரிக்கு வைத்திருந்த ஏழெட்டு மஷ்மூம்களைக் காட்டினாள். எல்லாம் கூம்பிய மொட்டுகள், சிவப்பு நூல்.

துஹாமி தலையாட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் நீங்க கெலிபியாவுக்கு வரணும்மா. லஸ்ஸாத் கூட்டிட்டு வருவான்."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் துஹாமி வண்டியைச் செங்கல் சூளைக்குப் பின்னால் விடச் சொன்னார். கம்பி வேலிக்குள் வரிசையாக மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதிய ஓடு. அவர் இறங்கவில்லை. லஸ்ஸாத் இறங்கி நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"கெலிபியா மணல்னா உதறினாப் போயிடும். இந்தச் செம்மண் விடாது போலிருக்கு," என்று சலித்துக்கொண்டான்.

"விடாது," என்றார் துஹாமி. ஊர் எல்லையில், "இந்த விவகாரத்தைக் கையில எடுக்காமலே இருந்திருக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மன்னூபியாவின் கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி நடுவில் தாழ்வான மேசை மேல் இருந்தது.

"மஷ்மூமை மதியம் மொட்டாத்தான் கட்டுவாங்க," என்று ஆரம்பித்தார் துஹாமி. "காதுல வெச்சப்பறம் பொழுது சாய்ஞ்சதும் மலரும். படத்துல நிதாலோடது மலர்ந்திருக்கு. பெட்டியில இருக்கறது மூடின மொட்டு. இது யார் காதுக்கும் போகாதது. இப்ப நவம்பர், மல்லிகை சீசன் முடிஞ்சாச்சு. சீசன்லயே காய வெச்ச மஷ்மூம் யார்கிட்ட இருக்கும்?"

லஸ்ஸாத் சுந்துஸைப் பார்த்தான். "நான் முதல்லயே சொன்னேன்."

"நீ ரெண்டு பக்கமும் சொன்னே. முத்திரையைப் பாரு. ஒரு வருஷம் ஒட்டியிருந்தா அடியில மரம் கறுக்காது. பழைய முத்திரை இருந்த இடம் வெளிறிப்போய் வெளியில தெரியுது. இது ஒரு விரல் தள்ளி ஒட்டின புது முத்திரை. ஆனா அச்சு உண்மையானது. திறந்தவங்களும் மூடினவங்களும் சுந்துஸ்தான்."

சுந்துஸ் தலைத்துணியின் முனையைப் பிசைந்தாள். "வெள்ளிக்கிழமை கொண்டு வந்தாங்க. 'என் பிள்ளை முடி, ஒரு தடவை கையில பிடிச்சுக்கறேன்'னு ஒரு தாய் கேக்கறப்ப நான் எப்படிம்மா இல்லேங்கறது? வேற ஒண்ணு வெச்சு மூடிக் குடுன்னாங்க. குடுத்தேன்."

எல்லாரும் மன்னூபியாவைப் பார்த்தார்கள். அவள் கழுத்துத் துணிக்குள் கைவிட்டு, மடித்த கைக்குட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். உள்ளே உதிர்ந்து பழுப்பேறிய மல்லிகை, நூலில் சிக்கிய மூன்று கறுப்பு முடி.

"ஏன் மாமி?" என்றாள் ஹாஜர். "அவர் உயிரோட இருந்தா ஒத்துப்போகாது, அவ்வளவுதானே. பயம் எதுக்கு?"

அந்தக் கேள்விக்குத் துஹாமியிடம் விடை இருந்தது. அவர் அதைச் சொல்லாமல் மன்னூபியாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இதுக்கு மேல நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. நீங்களே சொல்லுங்க."

துஹாமி ஹாஜரைப் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கிழமை நீ ரத்தம்னு சொன்னே. லஸ்ஸாத்தைக் கேட்டாலும் ரத்தம்னுதான் சொல்லுவான். உன் மாமி வாயில குச்சின்னாங்க. கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்ச்சு எடுக்கறது, குடுத்துட்டு வந்தவங்களுக்குத்தான் வாயில வரும். அப்பறம் வாசல்ல செருப்பு. குன்று மேல வெள்ளை மணல். இவங்க செருப்பு வார்ல ஒட்டியிருந்தது செம்மண். சூளைக்குப் பின்னாடி எண் போட்ட கல்லறை இருக்கே, அந்த மண்ணு. நீ அந்த முடியை ஆபீசுல குடுத்திருந்தா, இந்த ஆளை ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லியிருப்பாங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஹாஜர் அழவில்லை. புரிந்துகொள்ள முயல்கிறவள்போல் நெற்றியைச் சுருக்கினாள்.

"எப்ப?"

"ஜனவரியில குடுத்தேன்," என்றாள் மன்னூபியா. "மார்ச்சுல பதில் வந்துச்சு. நாப்பத்தொண்ணாம் நம்பர்."

"ஏப்ரல்ல நான் அவருக்கு ஸ்வெட்டர் பின்னினேன்," என்றாள் ஹாஜர், மிகவும் சாதாரணமாக. "அந்தக் கரையில குளிரும்னு. நீங்கதான் எதிர்ல உக்காந்து நூல்கண்டு பிடிச்சீங்க. கை நீளம் போதாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் பிரிச்சு மறுபடி பின்னினேன்."

மன்னூபியாவின் முதுகு முதல் தடவையாக வளைந்தது. "சொல்லியிருந்தா நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருந்துட்டு உங்கப்பா வீட்டுக்குப் போயிருப்பே. போகத்தான் வேணும், வயசுப் பொண்ணு. நீ ராத்திரி கதவுச் சத்தத்துக்குத் தலை தூக்கிப் பாப்பியே, அப்பல்லாம் எனக்கும் அவன் வரப்போறான்னே இருக்கும். அந்தப் பேப்பரை மறந்துடுவேன். நீ போயிட்டா இந்த வீட்ல யார் அவனுக்காகத் தலை தூக்குவா?"

சுந்துஸ் அழுதுகொண்டிருந்தாள். லஸ்ஸாத் வண்டிச் சாவியைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவன்தான் எல்லாரையும் ஏற்றிப் போனான். மன்னூபியா வழி காட்டினாள். மூன்றாவது வரிசையில் கடைசிக்கு முந்தினது. பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஹாஜர் கேட்டாள், இவரை எடுத்து ஊர்க் குன்றில் வைக்க முடியாதா என்று. துஹாமி காலையிலேயே அலுவலகத்தில் விசாரித்திருந்தார். விண்ணப்பம் தாய் போடலாம். மற்றவர்களுடைய மேடுகள் இத்தனை நெருக்கமாக இருக்கையில் அனுமதி கிடைத்ததில்லை. அதை அப்படியே சொன்னார். ஹாஜர் தலையாட்டினாள். குனிந்து ஓட்டில் படிந்திருந்த சேற்றைக் கையாலேயே வழித்தாள். எண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது போதவில்லை என்பதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கெலிபியாவுக்குள் நுழைந்ததும், "எங்கப்பா வீட்டுத் திருப்பத்துல நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். வண்டியில் கொண்டுவந்திருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீன்வலைகள் காயப்போட்டிருந்த சந்தில் நடந்து, நீலக் கதவைத் தட்டி, உள்ளே போனாள்.

மன்னூபியா பின்னிருக்கையில் இருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸி துஹாமி," என்றாள் கடைசியில். "நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிக்கற ஆளாச்சே. சொல்லுங்க. அவ திரும்பி வருவாளா?"

துஹாமி முன்னிருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லஸ்ஸாத் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு, வண்டியைக் கிளப்பலாம் என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருந்தான்.