வேழனுக்குத் தாடி இருந்ததா

அகவாங்கி என்ற புதுக் கருவிக்காக நின்றவர்களின் வரிசை, உறையூர் வாசகர் மன்றத்தின் மாடிப்படியில் தொடங்கி, கீழே மருந்துக்கடையின் வாசலைக் கடந்து, ஓட்டுநரில்லா வண்டிகள் வந்து நிற்கும் இடம் வரை நீண்டிருந்தது. தமிழ் வாசிக்கும் ஊர்களிலெல்லாம் அன்று இப்படித்தான் வரிசைகள் நின்றன. ‘முகில்துறை’ புதினத்தைப் படித்தவர்கள் வந்து, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, தமக்குப் பிடித்த பக்கங்களை மௌனமாக ஒருமுறை படித்தால் போதும். படிக்கையில் மனத்தில் எழும் காட்சியை அந்தப் பட்டை வாங்கிக்கொள்ளும். பல இலட்சம் பேருடைய காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை அனைத்துக்கும் நடுவில் நிற்கும் உருவத்தைத் திரைப்படமாக ஓடவிடுவார்கள். நடிகர் வேண்டாம், இயக்குநர் வேண்டாம், இவர் பொருந்துவாரா அவர் பொருந்துவாரா என்ற சண்டையும் வேண்டாம்.

வரிசையில் மனைவிக்குப் பின்னால் நின்றிருந்த நன்மாறன், நாக்கு நுனியால் தம் மேல்வரிசைப் பல் ஒன்றைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பல் பக்கத்துப் பல்லின்மேல் சற்றே ஏறியிருக்கும். அச்சம் வந்தால் நாக்கு தானாக அங்கே போய்விடும். அவருடைய மனைவி அரசி பல் மருத்துவர்தான். மணமான புதிதில், இதைச் சீராக்கிவிடலாமா என்று நன்மாறன் கேட்டதற்கு, “அது பாட்டுக்கு இருக்கட்டுங்க” என்று அரசி சொல்லிவிட்டார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

அன்றைய அச்சத்துக்குக் காரணம் வேறு. படிக்கும்போது நன்மாறன் மனத்தில் எந்தக் காட்சியும் எழுந்ததே இல்லை. மலை என்று படித்தால் மலை என்று புரியும். ஏறினால் மூச்சு வாங்கும் என்பதும் புரியும். ஆனால் கண்ணை மூடினால் சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் இராது. மனக்கண் என்று எல்லோரும் சொல்வதை, பேச்சுக்குச் சொல்வது என்றே இளமையில் அவர் நம்பியிருந்தார். மன்றத்தில் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் உண்மையிலேயே எதையோ காண்கிறார்கள் என்பது தெரியவந்தது.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் ‘முகில்துறை’யில் ஓர் அத்தியாயத்தை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். நன்மாறன் எப்போதும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். முன்னே பேசியவர்களிடமிருந்து இங்கே ஒரு நிறம், அங்கே ஒரு நிழல் என்று எடுத்துத் தைத்து, தம்முடையது போலச் சொல்லிவிடுவார். ‘முடிச்சு வைக்கிறவரு’ என்று அவருக்கு அங்கே பெயரே வந்துவிட்டது. அரசியை முதன்முதலில் பார்த்ததும் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான். மேகங்களின்மேல் படகோட்டும் கதைநாயகன் வேழனின் விளக்கு, மாதுளை முத்தைப் போலச் சிவப்பாகத் தெரிந்ததாக அரசி சொன்னார். தம் முறை வந்தபோது நன்மாறன், எனக்கும் அதே விளக்குதான் தெரிந்தது என்றார். அரசி திரும்பிப் பார்த்தார். அந்த ஆண்டிலேயே மணம் முடிந்தது.

இப்போது மன்றத்தார் இன்னொரு வசதியையும் செய்திருந்தார்கள். தம்பதியராக வருபவர்களுக்கு, இருவர் கண்ட காட்சியையும் இரண்டு திரைகளில் அருகருகே ஓட்டிக் காட்டுவார்கள். அதற்காகத்தான் அரசி காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

இந்தக் கருவி வருவதற்கு முன்பு மன்றம் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். நூலை எழுதிய அம்மையார் வேழனின் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே காலமாகிவிட்டார். படகோட்டி நிமிர்ந்து பார்த்தான் என்பதோடு சரி. ஒரு படநிறுவனம் தாடி வைத்த நடிகர் ஒருவரின் பெயரை அறிவித்த மறுநாளே மன்றம் இரண்டாகப் பிளந்தது. ஓய்வு பெற்ற ரயில்வே பரிசோதகரும் மன்றத் தலைவருமான மருதநாயகம் தாடிக் கட்சி. கடைவீதியில் பேக்கரி நடத்தும் தெரேசம்மா தாடியில்லாக் கட்சி.

“மேகத்து மேல ஷேவிங் செட்டு எங்கம்மா கிடைக்கும்?” என்பார் மருதநாயகம்.

“அம்மாம் பெரிய படகு கிடைச்ச மனுசனுக்கு ஒரு பிளேடு கிடைக்கலையாக்கும்,” என்பார் தெரேசம்மா.

இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்தது. நடிகரின் வீட்டு வாசலில் போய் இரு கட்சியாரும் தனித்தனியே நின்றார்கள். படநிறுவனம் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டது. அகவாங்கி வந்ததும்தான் இரு தரப்பும் இறங்கி வந்தன. பேச்சுவார்த்தையின்போது, படமே வேண்டாமே என்று நன்மாறன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். முடித்து வைக்கிறவரா இப்படிச் சொல்வது என்று எல்லோரும் வியந்தார்கள். அரசிகூட வியந்தார். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் மன்றங்கள் அனைத்தும் ஒருமனதாக வைத்தன. படம் ஆனதும் தனித்தனிப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். தம் மனத்துக்குள் இருப்பதை ஊரார் எடுத்துப் பார்ப்பதா என்ற கூச்சம்தான் காரணம்.

அவர்கள் முறை வந்தது. கருவியை இயக்கும் நஸ்ரின் என்ற இளம்பெண் இருவர் நெற்றியிலும் பட்டையைக் கட்டினார். அரசி புத்தகத்தைத் திறந்த சிறிது நேரத்துக்கெல்லாம் இடப்பக்கத் திரையில் மேகங்கள் திரண்டன. மாதுளை நிறத்தில் ஒரு விளக்கு அசைந்தது. படகில் முதுகு காட்டிக் குனிந்து ஒருவன் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கத் திரை சாம்பல் நிறமாகவே இருந்தது.

நஸ்ரின் பட்டையைத் தளர்த்தி மீண்டும் இறுக்கினார். வேறு பட்டையை மாற்றினார். நன்மாறன் தமக்கு மிகப் பிடித்த பக்கத்தை, உதடு அசையாமல், ஒவ்வொரு சொல்லையும் வேண்டிக்கொள்வதைப் போலப் படித்தார். திரை மாறவில்லை.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம், பயப்படாதீங்க,” என்று நஸ்ரின் தாழ்ந்த குரலில் சொன்னார். “சில பேருக்கு மனசுல படமே வராது. பிறவியிலேயே அப்படித்தான். காலையிலேருந்து இவரு மூணாவது ஆளு.”

வீடு திரும்பும் வண்டி காவிரிப் பாலம் ஏறியதும் அரசி கேட்டார்.

“அந்த செவப்பு விளக்கு?”

“நீ சொன்னே. அதையேதான் நானும் சொன்னேன்.”

“உங்களுக்குத் தெரியல.”

“தெரியல. ஆனா நீ சொல்றதக் கேட்டேன், அரசி. அது பொய்யில்ல.”

அரசி வெளியே ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். “உங்களுக்குப் படம் வராததுல எனக்கு வருத்தமே இல்லங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. இத்தனை வருஷமும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாத்துட்டு இருக்கோம்னு நெனச்சேன். நான் தனியாத்தான் பாத்திருக்கேன்.”

அரசி அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை, கோபமும் காட்டவில்லை. காலையில் காபி வழக்கம்போல வந்தது. மாத்திரை போட்டாயிற்றா என்ற கேள்வியும் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாம் கண்டதைச் சொல்லி முடித்ததும் கடைசி நாற்காலியின் பக்கம் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவர் விட்டுவிட்டார். இழந்த பிறகுதான், அந்த ஒரு பார்வைக்காகவே வாரம் முழுவதும் தாம் காத்திருந்திருக்கிறோம் என்று நன்மாறனுக்கு விளங்கியது.

ஐப்பசியில் படம் வெளிவந்தது. அதைப் போல ஒரு வெற்றியை யாரும் கண்டதில்லை. திரையரங்கிலிருந்து கண்களைத் துடைத்துக்கொண்டு வந்த ஒவ்வொருவரும், அப்படியே நான் நினைத்த மாதிரி இருக்கிறது என்றே சொன்னார்கள். அது பொய்யுமில்லை, எல்லோருக்கும் நடுவில் நிற்கும் முகம் எவருடைய முகத்துக்கும் தொலைவில் இராது. ஒருவர் கண்ட கோணல் மூக்கை இன்னொருவர் கண்ட மறுபக்கக் கோணல் நேராக்கிவிட்டது. தழும்புகள் ஒன்றில் ஒன்று கரைந்தன. வேழனுக்கு மூன்று நாள் சவரம் செய்யாததைப் போலத் தாடி இலேசாக அரும்பியிருந்தது. அதைக் கண்டு இரு கட்சியும் தாமே வென்றதாக அறிவித்துக்கொண்டன. தெரேசம்மா மன்றத்தார் அனைவருக்கும் கேக் அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தியாயம் படிக்கப்பட்டது. மருதநாயகம் தாம் கண்டதைச் சொன்னார். அடுத்தவர், எனக்கும் அதுதான் என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். எப்போதும் இருட்டும் வரை நீளும் கூட்டம் காபி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு நாற்காலிகள் காலியாகத் தொடங்கின.

“கண்ண மூடுனா அந்தப் படத்து மூஞ்சிதான்யா வருது,” என்றார் மருதநாயகம் ஒருநாள். “என் ஆளுக்கு எம்மாம் பெரிய தாடி. எப்படி இருந்துச்சுன்னே ஞாபகம் இல்ல.”

எதிர்க்கட்சித் தலைவி இதற்குச் சிரித்திருக்க வேண்டும். தெரேசம்மா சிரிக்கவில்லை.

வீட்டில் அரசி புத்தகத்தைத் திறப்பதும், கண்களை மூடுவதும், ஈயை விரட்டுவது போலத் தலையை அசைப்பதும், புத்தகத்தை மூடுவதுமாக இருந்தார். நஸ்ரினிடம் கேட்டுப் பார்த்ததில், அவரவர் பதிவுகள் நிபந்தனைப்படியே அழிக்கப்பட்டுவிட்டன என்று மிகுந்த வருத்தத்தோடு பதில் வந்தது.

“என் வேழன் போயிட்டாருங்க,” என்று அரசி தாமாகவே ஒருநாள் சொன்னார். தனியாகத்தான் பார்த்தேன் என்று சொன்ன மனைவிக்கு இப்போது அந்தத் தனிமையின் துணையும் இல்லை என்பதை நன்மாறன் நினைத்துப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தைக் கலைத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நன்மாறன் முதலில் பேச எழுந்தார். நாக்கு பல்லுக்குப் போனது. அதை மீட்டுக்கொண்டு, தாம் இதுவரை சொன்னவை எல்லாம் கடன் வாங்கியவை என்பதையும், தமக்கு எதுவும் தெரிவதில்லை என்பதையும் சுருக்கமாகச் சொன்னார். பிறகு அவர் மருதநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“அய்யா, உங்க வேழனுக்குத் தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். மேகம் பட்டுப்பட்டு எப்பவும் ஈரமா இருக்கும். படகத் திருப்பும்போது இடது கையால அத அள்ளித் தோளுக்குப் பின்னால போட்டுக்குவாரு. பல்லவன் ரயில்ல வந்த ஒரு பெரியவரு அப்படிப் பண்ணுனதப் பாத்தேன்னு ஒரு மழை நாள்ல சொன்னீங்க. அன்னைக்குக் குடை மறந்துட்டு வந்திருந்தீங்க.”

மருதநாயகம் கண்களை மூடினார். பிறகு அவருடைய இடக்கை தானாக எழுந்து, இல்லாத ஒரு தாடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளியது.

“வந்துட்டான்யா,” என்றார்.

தெரேசம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய வேழன் அடுப்பு வெக்கையில் சிவந்தாற்போன்ற கன்னங்களை உடைய பையன் என்பதையும், துடுப்பு போடும்போது வாய்க்குள் கணக்குச் சொல்வான் என்பதையும் நன்மாறன் சொல்லக் கேட்டதும், “மழமழன்னு இருக்கான் பாத்தீங்களா தலைவரே,” என்றார். மருதநாயகம் கண்ணைத் திறக்காமலே, பால்குடி மறக்காத பிள்ளையை நம்பி யார் படகு ஏறுவார்கள் என்று திருப்பிக் கேட்டார். சண்டை மீண்டும் பிடித்துக்கொண்டது. கண்டவர்கள் காட்சியை வைத்துக்கொண்டு சொற்களைக் கைவிட்டிருந்தார்கள். காட்சி போனதும் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. நன்மாறனிடம் தொடக்கத்திலிருந்தே சொற்கள் மட்டும்தான் இருந்தன. படத்தை அவரும் பார்த்தார்தான். அவருக்குள் அழிப்பதற்கு அந்தப் படத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அரசி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஆன பிறகு கேட்டார்.

“எனக்கு?”

நன்மாறன் தம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல்ல உன் வேழனுக்கும் தாடி இருந்துச்சு. ரொம்ப முறைப்பா இருப்பாரு. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் தாடிய எடுத்துட்டே. அதுக்கப்புறம் கொஞ்சம் உயரத்தக் குறைச்சே. வெயில்ல நடந்தா சட்டைக் காலரப் பின்னால இழுத்துவிட்டுக்குவாருன்னு சொன்னே. அன்னைக்கு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல.”

தெரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேச பயந்தா கடைசியாப் பேசுவாரு. சிரிச்சா மட்டும் தெரியும், மேல்வரிசையில ஒரு பல்லு, பக்கத்துப் பல்லு மேல…”

நாக்கு அங்கே போய் நின்றுவிட்டது.

அப்போதும் அவருக்கு எந்தக் காட்சியும் எழவில்லை. சாம்பல் நிறம்தான். அதற்குள் நாக்கு நுனி அந்தப் பல்லின் விளிம்பை, முதன்முறையாகத் தொடுவதைப் போல, மெல்லத் தொட்டுப் பார்த்தது. அவர் நிமிர்ந்தார். அரசி கடைசி நாற்காலியின் பக்கம் திரும்பி, கண்களை மூடாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க,” என்றார் அரசி. “சொல்லுங்க. இன்னும் இருக்கு.”