துண்டு போட்டு வைத்த இடம்

"அம்மா, அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்க முடியாதா?"

வாண்டு இதைக் கேட்ட நாளில் அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தரையில் குப்புறப் படுத்து, கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வாங்கினா வாங்கினதுதான். அப்புறம் என்ன திருப்பிக் கொடுக்கிறது?"

குழந்தைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் யோசித்தா பதில் சொல்கிறோம்? அவளும் யோசிக்கவில்லை. அந்தப் பதிலே பிறகு நெஞ்சில் வந்து உட்காரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'அடுத்தவர் வரலாம்' என்ற நகைச்சுவைத் தொடர். செத்துப்போனவர்கள் நேராக மேலே போய்விடுவதில்லை. ஓர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். இதுதான் கதை. காதில் பஞ்சு அடைத்த அதிகாரி ஒருவர் கவுண்டரில் இருப்பார். "செத்ததுக்கு என்னய்யா அத்தாட்சி?" என்பார். "நான் சும்மா கண்ணசந்தேன் சார், அதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க" என்று ஒருவர் சண்டை பிடிப்பார். நம்பர் வந்தவர், அதிகாரிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக் கதவைத் திறந்துகொண்டு போவார். ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் எழும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது ஆணி அடித்த பலகையும் ஒரு தீயணைப்பு வாளியும்தான் என்று வாண்டுவின் அம்மாவுக்குத் தெரியும். அந்தத் தொடருக்கு ஒப்பனை செய்பவளே அவள்தான். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவள் 'மேக்கப் அக்கா'.

செத்தவர்களுக்குப் பூச வெள்ளையும் சாம்பல் நிறமும் கலந்து அவளே ஒரு பூச்சு தயாரித்திருந்தாள். பூசி முடித்தால் ஒருவர் முகத்திலும் இரத்தம் ஓடுகிற சுவடு இருக்காது.

பெஞ்சில் முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருந்தவர் ஒரு துணை நடிகர். பெஞ்சுப் பெரியவர் என்பார்கள். அவருக்கு வசனம் கிடையாது. டோக்கன் நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினாறைக் கூப்பிட்டதும் சாப்பாட்டு மணி அடிக்கும். அதிகாரி சாப்பிட்டுத் திரும்பி வந்தால் நம்பர் பலகை நூற்றுப் பதினெட்டுக்குத் தாவிவிடும். பெரியவர் பாதி எழுந்து, மறுபடி உட்காருவார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் எழும்போதெல்லாம் வலது முழங்கால் 'டொக்' என்று சொடுக்கும். ஒலிப்பதிவாளர் அதையும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்.

படப்பிடிப்புத் தளத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும். போதாததற்குக் காட்சிக்காக விடும் பனிப்புகை வேறு. ஒரு நாள் பெரியவர் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மேக்கப் அக்கா தன் பைக்குள்ளிருந்து வாண்டுவின் மஞ்சள் துண்டை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள். ஓரத்தில் வாத்து பொம்மை தைத்த துண்டு.

"புள்ளையோடதாம்மா? அழுக்காயிடப் போவுது."

"உங்க கழுத்து என்ன சாக்கடையா பெரியவரே? சும்மா போட்டுக்குங்க."

அன்றிலிருந்து ஷாட் இல்லாத நேரமெல்லாம் துண்டு அவர் கழுத்தில்தான். ஒப்பனைக்கு வந்தால் நாற்காலி முதுகில் அதை மடித்துப் போட்டுவிட்டு உட்காருவார். ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒருநாளாவது கன்னத்துல கொஞ்சம் சிவப்பு போட்டுவிடேன்ம்மா. பேரப் புள்ளைங்க பாக்குது. தாத்தா எப்பவும் பொணமாவே வர்றாருன்னு கிண்டல் பண்ணுது."

"செத்தவங்க ஆபீஸ்ல சிவப்புக் கன்னத்தோட உக்காந்தா டைரக்டர் என்னைத்தான் மேலே அனுப்புவாரு," என்று அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சரி, கடைசி நாள் ஷூட்டிங் முடிஞ்சதும் போட்டுவிடறேன். ஒரு போட்டோவும் எடுத்துக்கலாம்."

அந்தக் கடைசி நாள் வரவில்லை.

அன்று புகை அதிகம். மைக்கில் டைரக்டரின் குரல் வந்தது. "அக்கா, பெரியவர் நெத்தி பளபளங்குது. கொஞ்சம் பவுடர் ஒத்துங்க." அவள் பஞ்சோடு போனாள். முகம் சில்லென்று இருந்தது. தளத்துக் குளிர் என்று நினைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. "தூக்கமா பெரியவரே?" என்று கேட்டபடி இரண்டு விரலால் தாடையை மூடிவிட்டாள். நெற்றியில் ஒத்தினாள். கன்னத்தில் ஒத்தினாள்.

"இன்னிக்கு அவர் மேக்கப் அசத்தல்க்கா," என்றார் டைரக்டர். "நிஜமாவே செத்த மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வேலை முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெஞ்சில் இருந்த பிணங்கள் எல்லாம் சோம்பல் முறித்து எழுந்து டீ குடிக்கப் போயின.

ஒருவர் மட்டும் எழவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது மஞ்சள் துண்டை அவர் மார்பின்மேல் அவள்தான் போர்த்தி அனுப்பினாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அதன்பிறகு அவள் தொண்டையில் முள்ளாகவே நின்றுவிட்டது. பெஞ்சில் அந்த இடத்தில் உட்கார வேறு யாரும் ஒப்பவில்லை. அவருடைய இடமும் அதற்கடுத்த இடமும் காலியாகவே படமாயின.

மழைக்காலத்தில் வாண்டு காய்ச்சலில் விழுந்தாள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசிலடித்தது. மருத்துவமனை வார்டில், மூக்கில் குழாயோடு, கட்டிலில் பாதிகூட அடைக்காமல் கிடந்தாள். டாக்டர் தினமும் வந்து பார்த்தார். தினமும் அவர் பேச்சில் ஒரு வார்த்தை குறைந்தது.

வார்டுச் சுவரில் உயரே ஒரு தொலைக்காட்சி. பெரியவர் இறந்த பிறகு எடுத்த பகுதி அன்று ஓடியது. பக்கத்துக் கட்டிலில் கணவனுக்குத் துணையிருந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, செத்தும் வரிசையில நிக்கணுமா! இதுக்கு உசுரோடயே இருந்துடலாம்!"

வாண்டு கண் திறந்தாள்.

"அம்மா, தாத்தா என் துண்டைப் போட்டிருக்காரு."

"எந்த தாத்தா?"

"பெஞ்சுத் தாத்தா. பக்கத்துல போட்டு வச்சிருக்காரு. பஸ்ல இடம் பிடிக்கிற மாதிரி."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சு. நடிகர்கள். இரண்டு காலி இடங்கள்.

ஒன்றின்மேல் மஞ்சளாக ஏதோ கிடந்தது.

"அந்தப் பெஞ்சுல என்னம்மா கிடக்குது?" என்று பக்கத்து அம்மாளைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. காலியாத்தானே கிடக்கு?"

மறுநாள் அந்த நேரத்துக்கு அவளே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கட்டில் காலருகே மண்டியிட்டு வேண்டினாள். அவளுக்குத் தெரிந்த எல்லாப் பெயராலும் கடவுளைக் கூப்பிட்டாள். அணைந்த திரையையே வாண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா என் நம்பர் என்னன்னு கேட்டாரும்மா."

"பேசாதே கண்ணு. மூச்சு வாங்குது பாரு."

"நாப்பது. இப்ப முப்பத்தொம்பது ஓடுது."

அதற்குமேல் குழந்தை பேசவில்லை. விடிந்ததும் டாக்டர் வந்தார். "மருந்துன்னு இருக்கிறதெல்லாம் கொடுத்தாச்சும்மா," என்றார். அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

துணைக்கு வந்திருந்த தன் அக்காவைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

"எங்கேடி போறே, இந்த நேரத்துல?"

"இடம் போட்ட துண்டை எடுக்கப் போறேன்க்கா."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

படப்பிடிப்புக் கொட்டகைக்கு அன்று விடுமுறை. ஒரு பொருளை விட்டுவிட்டேன் என்றதும் காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார். வெளியே நல்ல வெயில். உள்ளே வெயிலுக்கு வேலை இல்லை. கறுப்புத் துணி அடித்த சுவர்கள். பழைய பவுடர், ஈரப் பலகை, பனிப்புகையின் துவர்ப்பு எல்லாம் கலந்த வாசனை. சுவிட்சைத் தட்டினாள். மின்சாரத்தை மொத்தமாக அணைத்திருந்தார்கள். கைபேசி வெளிச்சத்தில் கேபிள்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

நம்பர் பலகை எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தொன்பது.

அதன் வயர் பிடுங்கிச் சுருட்டித் தரையில் கிடந்தது.

பெஞ்சில் மஞ்சள் துண்டு. அவள் பாய்ந்து அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். துண்டு வரவில்லை. மறு நுனியை யாரோ பிடித்திருப்பது போல இறுகி நின்றது.

பக்கத்து இடத்தில் யாரும் இல்லை. ஆனால் பெஞ்சுப் பலகை லேசாக வளைந்திருந்தது, ஓர் ஆள் எடைக்கு.

அவள் அந்தக் காலி இடத்தின் முன்னால் தரையில் விழுந்தாள்.

"பெரியவரே, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? தெரியாமத்தான் சிரிச்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது. என் புள்ளைக்கு இடம் போடாதீங்க. நான் வர்றேன். அந்த இடத்துல நான் உக்காந்துக்கிறேன்."

எழுந்து, துண்டின்மேல் உட்காரப் போனாள்.

"உக்காராதேம்மா."

கிசுகிசுப்பு. காதோரத்தில். பனிப்புகையின் குளிர் அதில் இருந்தது.

"துண்டு கிடக்கிற இடத்துல யாரையும் கொண்டாந்து உக்கார வைக்க முடியாது. அதுக்குத்தான் போட்டேன்."

இதுவரை அந்தத் துண்டு குழந்தையைக் கூப்பிடுகிறது என்று நினைத்தாளே! அது வாசலை மறித்துக்கொண்டல்லவா கிடந்திருக்கிறது!

நம்பர் பலகையில் 'டிக்' என்றது.

நாற்பது.

"அடுத்தவர் வரலாம்," என்றது கவுண்டர் பக்கத்திலிருந்து ஒரு குரல். அது அந்த நடிகரின் குரல் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

வெள்ளைக் கதவின் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

"இல்ல!" என்று அலறினாள் அவள். "நாப்பது இங்க இல்ல!"

அவளுக்குப் பக்கத்தில், இருட்டில், ஒரு முழங்கால் சொடுக்கியது.

டொக்.

"நான்தாங்க நாப்பது."

இழுத்து இழுத்து நடக்கும் செருப்புச் சத்தம் அவளைக் கடந்து போனது. கதவு திறந்தது. மூடியது. பலகை அணைந்தது. கையால் துழாவினாள். பெஞ்சில் துண்டு இல்லை. தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்து பார்த்தாள். ஆணி அடித்த பலகை. தீயணைப்பு வாளி.

அப்போது கைபேசி அடித்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். "உடனே வாடி. உடனே வா."

திரும்பிய வழி அவளுக்கு நினைவில்லை. வார்டு வாசலிலிருந்தே, நர்ஸுகள் கட்டிலைச் சூழ்ந்து நின்றிருந்ததைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

"தண்ணி," என்றது ஒரு சின்னக் குரல். "எத்தனை தடவை கேக்கறது? தண்ணி!"

"மூச்சு நின்னுபோச்சுடி," என்று அக்கா விம்மினாள். "நின்னே போச்சு. அப்புறம் தானா எழுந்து உக்காந்து தண்ணி கேக்குறா."

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வைத்துப் பார்த்தார். "மருந்து பிடிச்சிருக்கு," என்றார், அவரே அதை நம்பாதவர் போல.

அம்மா வாண்டுவை அள்ளிக்கொண்டாள். குழந்தையின் வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தாள். உள்ளே ஒரு அட்டை டோக்கன், ஓரமெல்லாம் வெள்ளைப் பவுடர் படிந்தது.

நூற்றுப் பதினேழு.

"திருப்பிக் கொடுக்கத்தான் முடியாதாம்மா," என்றாள் வாண்டு. "மாத்திக்கலாமாம். தாத்தா சொன்னாரு. இந்த நம்பரைக் கூப்பிடவே மாட்டாங்களாம்."

நாம் ஒரு குளிர்நாளில் யாருக்கோ ஒரு துண்டைக் கொடுக்கிறோம். கொடுத்ததை மறந்தும் போகிறோம். வாங்கிக்கொண்டவர் மறப்பதில்லை.

வாண்டு வீடு திரும்பி ஓடியாட ஆரம்பித்த பிறகு அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். வேறு யாரும் வருவதற்கு முன் காலையிலேயே போய், ஒப்பனை அறையைத் திறந்தாள்.

நாற்காலி முதுகில் மஞ்சள் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

வாசலிலேயே நின்றாள். பயந்தாள். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஓடிவிடலாம் என்று ஒரு கால் பின்வாங்கியது. பிறகு, கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். வெள்ளைப் பூச்சு டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள். சிவப்பைத் திறந்தாள். புதுப் பஞ்சில் தாராளமாகத் தோய்த்து எடுத்தாள்.

கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. அது மரியாதை இல்லை என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவரின் கன்னம் எங்கே இருக்குமோ அங்கே கையைக் கொண்டுபோனாள். விரல் நுனியில் குளிர்ந்த தோல் பட்டது.

"கொஞ்சம் அசையாம இருங்க பெரியவரே," என்று மெல்லச் சொன்னாள். வலது கன்னத்தில் ஒத்தினாள். இடது கன்னத்தில் ஒத்தினாள். ஒத்த ஒத்த, குளிர் சிறிது சிறிதாகக் குறைந்தது.

டொக்.

கண்ணைத் திறந்தாள். நாற்காலி காலி. துண்டும் இல்லை.

கையிலிருந்த பஞ்சில் ஒரு பொட்டுச் சிவப்புகூட மிச்சமில்லை.